நரிக்கரட்டின் வடக்கு முகம்

ஜூன் 2

மதியம் நரிக்கரடு வந்து சேர்ந்தேன். மதுரையிலிருந்து ஒன்றரை மணி நேரம். கடைசிப் பகுதியைச் சாலை என்று சொல்ல முடியாது, லாரிச் சக்கரங்கள் போட்ட பள்ளம். கிரானைட் குவாரி முதலாளி ராஜாங்கம் வாசலுக்கே வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு.

"வாங்க தங்கச்சி. வெயில்ல வந்துருக்கீங்க, மொதல்ல மோரு குடிங்க."

மோர் குடித்ததும் அந்த மொட்டைப் பாறைக் கரட்டின் வடக்குப் பக்கம் கூட்டிப் போனார். மற்ற மூன்று பக்கமும் யானைத் தோல் நிறம். வடக்கு முகம் மட்டும் தோலுரித்த கிழங்கு மாதிரி வெளேரென்று நின்றது. அடியில் ஒரு பெரிய குட்டை, பச்சைத் தண்ணீர். குத்தகை எல்லைக் கல்லைத் தாண்டிச் சமீபத்தில் வெட்டிய பகுதி என்று பார்த்தவுடன் தெரிந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

"எங்க தாத்தா காலத்துல வெட்டுனது தங்கச்சி. இப்ப வெட்டுனதுன்னு கேசு போட்டுட்டாய்ங்க. மாசக் கடைசில கோர்ட்டு அனுப்புற குழு வருது. பாத்தா தாத்தா காலத்துது மாதிரி இருக்கணும்ல. கல்லுக்குக் கொஞ்சம் வயசு ஏத்தணும்."

எட்டு ஆண்டு சென்னையில் பழைய கட்டடங்களின் கிரானைட் தூண்களில் படிந்த கரியைச் சுரண்டி, அது எப்படிப் படிந்தது என்று ஆராய்ந்தவள் நான். ஆய்வகத்தை மூடிய பிறகு யாரும் கூப்பிடவில்லை. இவர் கூப்பிட்டார். இங்கேயே எனக்கொரு ஆய்வகம் கட்டித் தருவதாகச் சொல்கிறார். இதுவரை எல்லோரும் படிந்ததைத் துடைக்கத்தான் கேட்டார்கள். படிய வைக்க முடியுமா என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். முடியும் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும் வழியில் அவர் தம்பி சங்கிலியைப் பார்த்தேன். கிரேன் ஓட்டுபவனைப் பெல்ட்டால் அடித்துக்கொண்டிருந்தான், கொக்கிப் பக்கத்தால். அடிவாங்கியவன் கையைக்கூடத் தூக்கவில்லை. காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது.

"கயிறு அறுந்து ஒரு பிளாக்கு ஒடஞ்சுபோச்சு" என்றார் ராஜாங்கம், மழை வருமா வராதா என்று பேசுவதுபோல.

எனக்கு வேதியியல் வேலை. அதை மட்டும் பார்ப்பது.

ஜூன் 3

தெற்குச் சரிவில் மாதிரிகள் எடுத்தேன். தூரத்தில் ஒரே கறுப்பாகத் தெரிவது கிட்டப் போனால் அப்படி இல்லை. மழைநீர் ஓடும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத பாசி வளர்ந்து காய்ந்து கறுக்கிறது. அதன் ஓரமாக இரும்பு துருவேறிக் காவி. வெயில் காயும் திறந்த முகத்தில் காற்று கொண்டுவந்த தூசியிலிருந்து மாங்கனீசு பிரிந்து, கருஞ்சாந்து பூசியதுபோல் மினுங்கும். தலைமுடியின் கனம்கூட இராது. அது படியவே நூற்றாண்டுகள் வேண்டும். இத்தனைக்கும் மேலே கல்பாசியின் சாம்பல் வட்டங்கள்.

நகரத்தில் கதை வேறு. வண்டிப் புகைக் கரி, டயர்த் தூசு, சுண்ணாம்புச் சாந்திலிருந்து கசியும் உப்பு எல்லாம் சேர்ந்து கல்மேல் ஓடு கட்டும். மழை படும் இடத்தில் கழுவிப் போகும். படாத மூலையில் தங்கித் தடிக்கும். ஊரில் மழை தொடாத இடம் கறுப்பு, மலையில் மழை ஓடிய இடம் கறுப்பு. வருகிற குழுவில் இது தெரிந்த ஒருவராவது இருப்பார். வெறும் பெயிண்ட் அடித்தால் காரைவிட்டு இறங்குமுன்பே கண்டுபிடித்துவிடுவார்.

நான் தங்கியிருக்கும் குவாரி விடுதியில் சமைக்கும் பெண் பஞ்சவர்ணம். முப்பத்தைந்து வயது இருக்கும். சோறு போட்டுவிட்டு நகராமல் நின்றாள்.

"வடக்குப் பக்கந்தான் வேலையாம்மா?"

"ஆமாம்."

"மேலயா, கீழயா?"

"எல்லா இடமும்தான்."

வேறு ஏதோ கேட்க வாயெடுத்தாள். ஜீப் சத்தம் கேட்டதும் உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 5

வெட்டுக் கற்களில் சோதனை. முதலில் ஆசிட்டில் தண்ணீர் கலந்து கழுவி நுண்துளைகளைத் திறக்க வேண்டும். பிறகு இரும்பு உப்புக் கரைசல், அதன்மேல் மாங்கனீசு, நீர்த்தடம் வர வேண்டிய இடத்தில் சாணமும் கஞ்சியும் கலந்த பாசிக் குழம்பு. நேற்றுப் போட்ட மூன்றும் தோல்வி. ஒன்று செங்கல் நிறம், ஒன்று ஊதா, ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

உதவிக்கு நான்கு பேர். அவர்களில் கயிற்றில் தொங்கி வேலை செய்யும் வீரணன் நிதானமானவர். ஆசிட் கேனைத் தூக்கும்போது கையுறை போடச் சொன்னேன். "இதுக்கா? சங்கிலிண்ணனுக்குத்தான் மேடம் கையுறை போடணும்" என்றார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

ஜூன் 7

ஆறாவது மாதிரி சரி. தெற்குச் சரிவுக் கல்லோடு அருகருகே வைத்தேன். எது எது என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. மிகுந்த சந்தோஷம்.

ஜூன் 9

கலக்கும் இயந்திரம் நாள் முழுவதும் ஓடியது. அதன் சத்தத்தில் வெளியே நடந்தது எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

வழக்குப் போட்டவர் அழகுமணி என்ற விவசாயி. கீழே அவருக்குத் தோட்டம் இருக்கிறது. குவாரி வெட்டிய பிறகு கிணறு வற்றிவிட்டதாம். காலையில் கண்மாய்க் கரையில் நின்று வடக்கு முகத்தைக் கைபேசியில் படம் பிடித்திருக்கிறார். சங்கிலியும் இரண்டு பேரும் அவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். முற்றத்தில் ஒரு கல் பிளாக்கின்மேல் அவர் வலது கையை விரித்து வைத்து, மணிக்கட்டை ஒருவன் முழங்காலால் அழுத்திக்கொண்டான்.

"படம் புடிச்சது இந்தக் கைதான?" என்று கேட்டான் சங்கிலி.

"என் தண்ணிய எடுத்துட்டீங்கடா. கைய எடுத்து என்ன செய்யப் போறீங்க" என்றார் அழகுமணி.

சங்கிலி சுத்தியலால் அடித்தான். சுண்டுவிரலில் தொடங்கி, அவசரமில்லாமல், ஒவ்வொரு விரலுக்கும் இடையில் ஏதாவது ஒரு கேள்வி கேட்டான். முதல் இரண்டுக்கு அவர் கத்தினார். பிறகு வந்தது கத்தல் இல்லை, தொண்டைக்குள் தண்ணீர் போனதுபோல் ஒரு சத்தம்.

இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினேன். குழம்பு நன்றாகக் கலந்திருந்தது. தேவைக்கு அதிகமாகவே.

ஜூன் 10

தெளிக்கத் தொடங்கிவிட்டோம். மேலிருந்து கீழாக. நீர் எந்தத் தடத்தில் இறங்கும் என்று கணக்குப் போட்டு, அந்தத் தடத்தில் மட்டும் பாசிக் குழம்பு. வீரணன் கயிற்றில் தொங்கியபடி நான் கைகாட்டும் இடத்தில் அடிக்கிறார். மாலைக்குள் கரட்டின் நெற்றி கறுத்துவிட்டது. ராஜாங்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். "தங்கச்சி, கடவுள் செய்ற வேலை" என்றார்.

முற்றத்தில் அந்தக் கல் பிளாக்கைக் கழுவிவிட்டார்கள். சரியாகக் கழுவவில்லை.

ஜூன் 13

அடிப்பகுதிக்கு வந்துவிட்டோம். குட்டைக்கு மேலே ஓரிடத்தில் பாறை கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் கீழ் மூன்று பேர் நிற்கலாம். மழையோ வெயிலோ படாத இடம். பின்சுவரில், என் முகத்தின் உயரத்தில், ஒரு பழுப்புக் கறை. நடுவில் தடித்து, ஓரங்களில் சிதறி, சில துளிகள் கூரைவரைக்கும் தெறித்திருந்தன. ஆசிட் கழுவலுக்கு முன் எந்தக் கறையையும் சோதிப்பது வழக்கம். ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டு சொட்டு விட்டேன். புண்ணில் விட்டதுபோல வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வந்தது.

மாங்கனீசு இருந்தால் அப்படி நுரைக்கும். மாங்கனீசு.

ஜூன் 14

புதிதாக வெட்டிய கல்லில் மாங்கனீசு இருக்க வழியில்லை. பாறையின் விரிசலிலிருந்து கசிந்திருக்கலாம். விரிசல் இருக்கிறதா என்று நாளை பார்க்க வேண்டும்.

ஜூன் 15

விரிசல் இல்லை.

பஞ்சவர்ணம் இன்று என்னோடு தரையில் உட்கார்ந்தாள். அவள் கணவர் ஒச்சப்பன் இங்கே துளை போடும் மெஷின் ஓட்டியவராம். மாசி மாதம் வேலைக்கு வந்தவர் திரும்பவில்லை. கேரளாவுக்குப் போய்விட்டதாகக் கம்பெனியில் சொல்கிறார்கள். அதை நம்பாமல்தான் அவள் இங்கேயே சமையல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள்.

"கேரளாவுக்குப் போற மனுசன் மத்தியானச் சோத்தத் தூக்கிட்டுப் போவாரா? கூர மாதிரி ஒரு பாறை இருக்குல்ல, அதுக்குக் கீழ வச்சுத்தான் சாப்புடுவாரு. எல்லை தாண்டித் தொளை போடச் சொல்றாய்ங்க, யாராச்சும் கேட்டா உள்ளதச் சொல்லிருவேன்னு வீட்ல பொலம்பிக்கிட்டே இருந்தாரு. என்னைய அங்கிட்டு விட மாட்டேங்குறாய்ங்கம்மா. நீங்க போறீங்களே, எதுவும் கண்ணுல பட்டுச்சா?"

"ஒன்றும் இல்லை" என்றேன்.

"செருப்பு, தூக்குவாளி, எதுவும்?"

"இல்லை பஞ்சவர்ணம்."

செருப்பும் தூக்குவாளியும் உண்மையிலேயே அங்கே இல்லை.

ஜூன் 16

சாப்பாட்டு இடைவேளையில் வீரணனிடம் ஒச்சப்பனைப் பற்றிக் கேட்டேன். பீடியை அணைத்துவிட்டு நாலாபுறமும் பார்த்தார்.

"வெடில மாட்டிக்கிட்டான், வெளிய சொன்னா குவாரிய மூடிருவாய்ங்கன்னு எங்ககிட்டச் சொன்னாங்க. நாங்களும் தலைய ஆட்டிட்டோம்."

"வெடியா?"

"அன்னைக்கு வெடியே வைக்கல மேடம்."

அணைத்த பீடியைத் திரும்பப் பற்றவைத்துக்கொண்டு அவராகவே சொன்னார். "நான் மேல கயித்துல இருந்தேன். கீழ தெரியாது, கூர மறைச்சுரும். சத்தம் மட்டும் கேட்டுச்சு. கல்லுல அடிக்கிற சத்தம் வேற, இது வேற. அப்புறம் சங்கிலிண்ணன் வெளிய வந்து குட்டைல சுத்தியலக் கழுவுனாரு. பின்னாடியே அவனையும் இழுத்துட்டு வந்தாய்ங்க. தொளை போடுற கம்பி நாலு சேத்துக் கட்டி, தண்ணிக்குள்ள விட்டாய்ங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள மேடம். நீங்க கேக்கல, நான் சொல்லல."

ஜூன் 17

ஊருக்குத் திரும்புவது என்று முடிவு செய்து, பெட்டியோடு வாசலுக்கு வந்தேன். என் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். சங்கிலி என் கைபேசியை வாங்கிக் கடைசியாக யார் பேசியிருக்கிறார்கள் என்று பார்த்தான். அண்ணன் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது.

புறங்கையால் அறைந்தான். மோதிரம் போட்ட கை. கீழே விழுந்தபின் வயிற்றில் ஒரு உதை. பெட்டியைத் திறந்து துணிகளைக் குட்டைப் பக்கம் வீசினான். வாயில் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது, பல்.

"வேலைய முடிச்சுட்டுப் போ. இல்ல, இங்கனயே இரு. ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்" என்றான்.

ராஜாங்கம் சாயங்காலம் வந்தார். இளநீர் கொண்டுவந்திருந்தார். "சின்னவன் கை நீட்டிட்டான், தப்புத்தான் தங்கச்சி. பத்து நாளு. குழு போனதும் நானே கார்ல கொண்டுபோய் விடுறேன்." கைபேசியைப் பற்றிக் கேட்டேன். பத்திரமாக இருக்கிறது என்றார்.

ஜூன் 18

தாடை வீங்கியிருக்கிறது. வேலை செய்தேன்.

ஜூன் 19

கூரைப் பாறைக்கு அடியிலும் பூசச் சொன்னான் சங்கிலி. கறை இருக்கும் சுவரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஆசிட் போட்டுக் கழுவிவிட்டுப் பூசவா என்று வீரணன் கேட்டார். அது மழை படாத இடம், கழுவினால் மற்ற இடத்தோடு நிறம் சேராது, கழுவாமல் மேலேயே பூசலாம் என்று சொன்னேன். தொழில்முறையில் அது சரியான காரணம்தான்.

யாரையும் விடாமல் நானே தூரிகையால் பூசினேன். நான்கு கை பூச்சு. இப்போது அங்கே எதுவும் தெரியவில்லை.

ஜூன் 21

மத்தியானம் ஒரு கோடை மழை. எல்லோரும் ஓடிப் போய்ப் பார்த்தோம். கரையவில்லை. நான் நினைத்த தடத்திலேயே நீர் இறங்கி, நான் நினைத்த இடத்திலேயே கறுப்பு கூடியிருந்தது. நூறு ஆண்டு வேலை. வாய் வலியோடு சிரித்தேன். இதை இங்கே எழுதாமலும் இருந்திருக்கலாம்.

ஜூன் 22

பஞ்சவர்ணம் தினமும் உப்பு வறுத்துத் துணியில் கட்டி என் தாடைக்கு ஒத்தடம் கொடுக்கிறாள். யார் அடித்தது என்று கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு கணவரைப் பற்றியும் கேட்கவில்லை. இன்று ஒத்தடம் கொடுக்கும்போது அவள் கை என் முகத்தில் இருந்தது. சொல்லிவிட்டேன். கறை, நுரை, வீரணன் கேட்ட சத்தம், கம்பி, குட்டை. நான் அதன்மேல் பூசியதையும்.

கையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. துணி ஆறும்வரை அப்படியே வைத்திருந்தாள்.

"எந்த எடம்? சரியாச் சொல்லுங்க."

"கூரைப் பாறைக்குக் கீழே. பின்சுவரில். என் முகத்தின் உயரம்."

"அவரு என்னவிட ஒரு சாண் ஒசரம்" என்றாள். பிறகு எழுந்து போய் மாவாட்டினாள். நான் வழக்கம்போலத் தோசை சாப்பிட்டேன்.

ஜூன் 23

இன்று வேலையிடத்தில் ஒரு விபத்து. ஆசிட் கேன் சாய்ந்ததில் சங்கிலிக்குக் காயம். எனக்கும் கையில் சிறிது.

ஜூன் 24

தாலுகா ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். வலது கையில் கட்டு, இடது கையால் எழுதுவதால் கோணல். நேற்று எழுதியது போதாது என்று தோன்றுகிறது.

காலையில் நான் போகும்போதே பஞ்சவர்ணம் கூரைப் பாறைக்குக் கீழ் இருந்தாள். காவலுக்கு நின்றவன் டீ குடிக்கப் போன நேரம். தேங்காய் நாரும் மணலும் வைத்துச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மலை தானாக ஏற்றிய படலம் நாருக்கு அசையாது. நான் ஏற்றியது கறுப்புச் சாறாக அவள் முழங்கைவரை வழிந்தது. வெள்ளைக் கல் வந்தது. பிறகு பழுப்பு வந்தது. அந்த இடத்தில் மட்டும் தேய்ப்பதை நிறுத்தி, உள்ளங்கையை வைத்தாள்.

வீரணனும் மற்றவர்களும் தள்ளி நின்றார்கள். ஒருவர்கூட நிறுத்தச் சொல்லவில்லை.

சங்கிலி ஓடி வந்து அவள் கொண்டையைப் பிடித்தான். இழுக்கவில்லை. முகத்தைச் சுவரோடு மோதினான். அதே இடத்தில். முதல் மோதலில் மூக்கு உடைந்தது. இரண்டாவதில் அவள் கால்கள் மடங்கின. மூன்றாவதுக்குத் தலையைத் தூக்கிப் பிடித்தபடி, "புருசனப் பாக்கணும்னியே, பாரு" என்றான். அவளைக் கீழே போட்டுவிட்டு வீரணனின் பையிலிருந்து சுத்தியலை எடுத்தான்.

நான் ஆசிட்டுக்குத் தண்ணீர் கலக்கும் இடத்தில் நின்றிருந்தேன். அங்கே தரை சரிவு. கேன் சாய்ந்தது.

இன்ஸ்பெக்டரிடமும் இதைத்தான் சொன்னேன். என் கைக்கட்டைப் பார்த்தார். "கேன் தானாச் சாஞ்சா கால்லதானம்மா படும்? உள்ளங்கை எப்படி வெந்துச்சு?"

"நிமிர்த்தப் பார்த்தேன்."

எழுதிக்கொண்டார்.

ஜூன் 25

பஞ்சவர்ணத்துக்கு இன்று நினைவு திரும்பியது. முகத்தில் கண்களையும் வாயையும் தவிர எல்லாம் கட்டு. போலீஸ் கேட்டதும் அவள் சொன்னது, "நாந்தான் ஊத்துனேன். அவன் என் புருசனக் கொன்னவன்." கேன் எங்கே இருந்தது, எப்படித் தூக்கினாள் என்று கேட்டிருக்கிறார்கள். "எம்புட்டுக் கேட்டாலும் இதான். நாந்தான்" என்றாளாம். வீரணனிடம் கேட்டதற்கு, தான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் காவலர் உட்கார்ந்திருக்கிறார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

ஜூன் 27

குழு வந்துவிட்டுப் போனது. வீரணன் வந்து சொன்னார். பஞ்சவர்ணம் தேய்த்த வெள்ளைப் பட்டையைப் பார்த்ததும் குழுவில் ஒருவர் மற்ற இடங்களையும் நாரால் தேய்க்கச் சொன்னாராம். தேய்த்த இடமெல்லாம் பூச்சு நாரோடு வந்துவிட்டது. கறையைச் சுரண்டிக் கண்ணாடிக் குப்பியில் எடுத்துக்கொண்டார்கள். குட்டைக்கு இரண்டு மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைக்கிறார்கள். ராஜாங்கத்தைக் காணவில்லை.

ஜூன் 28

சங்கிலி இறந்துவிட்டான். மதுரை பெரிய ஆஸ்பத்திரியில். ஆசிட் நுரையீரலுக்குள் போயிருந்ததாம். வழக்கு இப்போது கொலை வழக்கு.

மாலையில் குட்டையில் எலும்புகள் எடுத்தார்கள். துளைக் கம்பிகளோடு கட்டப்பட்டபடி. மண்டையோட்டின் இடது பக்கம் இல்லை. ராஜாங்கத்தைச் செங்கோட்டைக்குப் போகும் வழியில் பிடித்துவிட்டார்களாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அனுப்பிவிட்டார்கள். போலீஸ் கூப்பிடும்போது வர வேண்டும். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்திருக்கிறேன். மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 30

கேன் சாயவில்லை.

முதலில் மக்கில் இருந்ததை அவன் முகத்தில் வீசினேன். அது தண்ணீர் கலக்காத ஆசிட், அப்போதுதான் ஊற்றியிருந்தேன். சுத்தியல் ஓங்கியபடி இருந்தது, பஞ்சவர்ணத்தின் தலை அதற்கு நேர் கீழே. வேறு வழி யோசிக்க நேரமில்லை. இதற்காக யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

சுத்தியலைப் போட்டுவிட்டு அவன் மண்டியிட்டான். இரண்டு கையும் முகத்தில். "அம்மா, அம்மா" என்றான். தண்ணீர் கேட்டான். குட்டை பத்தடியில் இருந்தது. அதை நோக்கித் தவழத் தொடங்கினான்.

அங்கேயே நான் நின்றிருக்கலாம். நான்கு ஆண்கள் பக்கத்தில் இருந்தார்கள். பஞ்சவர்ணம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவனால் இனி யாரையும் அடிக்க முடியாது.

கேனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் நடந்தேன். மூடியில்லாத விளிம்பைப் பிடித்ததில்தான் உள்ளங்கை வெந்தது. தலைமேல் ஊற்றினேன். அவன் திரும்பி வாயைத் திறந்தபோது வாயில் ஊற்றினேன். கேன் காலியாகும்வரை ஊற்றினேன், பிறகு உதறினேன். வீரணன் என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, "போதும் மேடம், போதும் மேடம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அழகுமணியின் விரல்களுக்காக என்றோ ஒச்சப்பனுக்காக என்றோ எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொய். அந்த நேரம் அவர்கள் யாரும் என் நினைவில் இல்லை. என் வாயில் அந்தப் பல் போன இடம்தான் இருந்தது. அவன் அடித்த அன்று நான் திருப்பி ஒரு வார்த்தை பேசாமல், மறுநாள் வேலைக்குப் போனதுதான் இருந்தது.

பஞ்சவர்ணத்துக்கு அப்போது நினைவே இல்லை.

ஜூலை 1

இன்ஸ்பெக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, அந்தப் பொண்ணே ஒத்துக்கிருச்சு. புருசனக் கொன்னவன், தன்னையும் கொல்ல வந்தான். எந்தக் கோர்ட்டும் எரக்கம் பாக்கும். ஒங்களுக்கு யாரு பாப்பாங்க? ரெண்டாவது ஊத்துனத எதுக்குச் சொல்றீங்க? மொதல்ல ஊத்துனத மட்டும் சொல்லிட்டுப் போங்களேன்."

"இரண்டாவதுதான் அவனைக் கொன்றது."

ஏட்டைக் கூப்பிட்டு முதலிலிருந்து எழுதச் சொன்னார். வீரணனையும் மற்ற மூவரையும் வரவழைத்தார்கள். வீரணன் தலையைக் குனிந்துகொண்டு, மேடம் சொல்வது சரி என்றார்.

ஜூலை 3

நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் கூப்பிடவில்லை. கூட வந்த பெண் காவலர் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

பஞ்சவர்ணத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். விடுவிக்கும் உத்தரவுக்காக. கட்டுப் பிரித்த முகம். மூக்கு ஒரு பக்கமாக நின்றது, இடது கண்ணுக்குக் கீழே தையல். எனக்கு நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். ஆம், எதிர்பார்த்தேன். ஏதாவது சொன்னால் என்ன பதில் சொல்வது என்றுகூட போலீஸ் வேனில் வரும்போது யோசித்து வைத்திருந்தேன்.

என் எதிரில் வந்து நின்றாள்.

"ஒங்களை யாரு சொல்லச் சொன்னா?"

"நீ செய்யாததுக்கு நீ எதுக்கு ஜெயிலுக்குப் போகணும், பஞ்சவர்ணம்?"

"நாலு மாசம் அவன் எச்சித் தட்டக் கழுவிக்கிட்டு அங்க கெடந்தேன். எதுக்குக் கெடந்தேன்? சாம்பாருல விசத்தக் கலக்கணும்னு ஒவ்வொரு நாளும் நெனப்பேன். அண்ணன் தம்பி ரெண்டு பேரோட சேத்து வேலைக்காரங்களும் சாப்புடுவாங்களேன்னு விட்டுருவேன். கடேசில கண்ணு முழிச்சுப் பாத்தா, அவன் கருகிக் கெடக்கான்னு சொன்னாய்ங்க. சரி, சாமி எங்கையால செஞ்சுருச்சுன்னு சொல்லிட்டேன். ஊர்ல இருக்குற எம்புள்ள நாளைக்குக் கேட்டா, ஒங்கப்பனக் கொன்னவன நான் விடலைன்னு சொல்லலாம்னு இருந்தேன்." மூச்சு வாங்கினாள். உடைந்த மூக்கில் பேசுவது கடினமாக இருந்தது. "எனக்குன்னு மிஞ்சுனது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துக்கிட்டீங்க."

"அது நீ செய்யாத கொலை" என்றேன்.

"நீங்க மட்டும் யாருக்காகச் செஞ்சீங்க?"

பதில் அவளுக்கே தெரிந்திருந்தது. வாக்குமூலத்தை யாரோ வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.

உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள், கூட ஒரு வயதான உறவுக்காரர். இந்தப் பக்கம் திரும்பவில்லை. வாசல் படியில் அழகுமணி நின்றிருந்தார், வலது கை முழுக்க மாவுக் கட்டு. இடது கையால் அவளுக்காக ஆட்டோவை நிறுத்தினார். இருவரும் ஏறிப் போனார்கள்.

இப்போது என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.